புற்றுக் கட்டியின் குரோமோசோம்களைப் பிரவுசரில் பார்த்தால் என்ன தெரியும்?

கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கு ரத்தப் புற்றுநோயாளிகள் பலர் வருகிறார்கள். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்று என்று கண்டறியப்பட்டவராக இருந்தால், அவர் கையில் உள்ள குரோமோசோம் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி இருக்கலாம்: 46,எக்ஸ்ஒய்,டி(9;22)(கியூ34;கியூ11.2)[20]. பார்த்தால் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் பிரித்துப் படித்தால் எளிது. 46 என்பது மொத்தக் குரோமோசோம்கள். எக்ஸ்ஒய் என்றால் ஆண். டி என்பது இடமாற்றம்: 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. கியூ என்பது குரோமோசோமின் நீண்ட கை. அதில் எந்தப் பட்டையில் உடைப்பு என்பதைப் பக்கத்து எண் சொல்கிறது. கடைசியில் உள்ள 20, எத்தனை செல்களில் இதைப் பார்த்தார்கள் என்ற கணக்கு.

இந்த ஒரு வரி நேராக ஒரு மாத்திரைக்கு வழிகாட்டுகிறது. 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி, அது குட்டையானதற்குக் காரணம் 9-க்கும் 22-க்கும் இடையே நடந்த இடமாற்றம்தான் என்று காட்டினார். அந்த உடைப்பில் பிசிஆர், ஏபிஎல்1 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, ஓயாமல் செல்லைப் பெருகச் சொல்லும் ஒரு புரதத்தை உண்டாக்குவது பின்னர் தெரிந்தது. அந்தப் புரதத்தை அடக்கும் இமாடினிப் 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் ஒரு வடிவத்துக்கு நோவார்டிஸ் இந்தியாவில் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. இங்கே நம் ஆட்கள் மலிவு விலையில் அந்த மருந்தைச் சாப்பிட முடிவதில் அந்தத் தீர்ப்புக்குப் பங்கு உண்டு.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தக் குட்டைக் குரோமோசோம் ஒரே ஒரு நோயாளியிடம் தெரிந்திருந்தால் யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அடுத்தவரிடமும், அதற்கடுத்தவரிடமும் அதே இடத்தில் அதே உடைப்பு வந்ததால்தான் அதற்குப் பொருள் கிடைத்தது. புற்றுநோயில் குரோமோசோம் மாற்றங்களுக்குக் குறைவே இல்லை. பெரும்பாலானவை செல் தாறுமாறாகப் பிரிந்ததால் வந்த சேதம். நோயை ஓட்டுபவை சில மட்டுமே. எது ஓட்டுநர், எது சும்மா ஏறி உட்கார்ந்த பயணி என்று ஒற்றை நோயாளியை வைத்துச் சொல்லவே முடியாது. பல நூறு பேரை வரிசையில் நிறுத்த வேண்டும். இன்று புற்றுநோய்க் குரோமோசோம்களை ஆராய இணையத்தில் இருக்கும் மென்பொருள்கள் எல்லாமே, அடிப்படையில், இந்த வரிசையை நிறுத்தித் தருகிற கருவிகள்தான்.

முதலில் இதைக் கையால் செய்தவர் ஸ்வீடனின் லுண்ட் நகரைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் மிடெல்மன். உலகெங்கும் ஆய்விதழ்களில் வெளியான புற்றுநோய்க் குரோமோசோம் விவரங்களை ஒவ்வொன்றாகத் திரட்டி 1983-இல் தொகுப்பு நூலாகக் கொண்டுவந்தார். அது வளர்ந்து வளர்ந்து புத்தகத்துக்குள் அடங்காமல் போனது. 2000-ஆம் ஆண்டு முதல் அது இணையத்தில் யாரும் தேடக்கூடிய தரவுத்தளம். இன்று 70,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்கள் அதில் உண்டு. மேலே சொன்ன இடமாற்றக் குறியீட்டைக் கொடுத்தால், அது எந்தெந்த நோய்களில், வேறு எந்த மாற்றங்களோடு சேர்ந்து வந்திருக்கிறது என்று பட்டியல் கிடைக்கும். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் உயிரித்தகவலியல் படிக்கிற மாணவரும் பாஸ்டனில் இருக்கும் பேராசிரியரும் திறப்பது ஒரே பக்கத்தைத்தான். கட்டணம் இல்லை.

ரத்தப் புற்றில் வேலை ஓரளவு சுத்தமாக நடக்கும். எலும்பு மஜ்ஜையை எடுத்து, செல்களை வளர்த்து, பிரியும் நேரத்தில் நிறுத்தி, கீம்சா சாயம் ஏற்றினால் குரோமோசோம்களின் பட்டைகள் மைக்ராஸ்கோப்பில் தெரியும். வாய், கர்ப்பப்பை வாய், மார்பகம், வயிறு போன்ற இடங்களில் வரும் கட்டிகள் அப்படி ஒத்துழைப்பதில்லை. அந்தச் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது கடினம். வளர்ந்தாலும் குரோமோசோம்கள் பிய்ந்தும் ஒட்டியும் அடையாளம் தெரியாமல் கிடக்கும். தவிர, மைக்ராஸ்கோப்பில் 50 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்குக் குறைவான மாற்றம் பொதுவாகக் கண்ணுக்குத் தப்பிவிடும். மனித மரபுத்தொகுதி (ஜீனோம்) சுமார் 310 கோடி எழுத்துகள். 50 லட்சத்துக்குள் எத்தனையோ மரபணுக்கள் ஒளிந்துகொள்ளலாம்.

1992-இல் கல்லியோனியெமியும் சக ஆய்வாளர்களும் இதற்கு ஒரு மாற்றுவழி கண்டார்கள். கட்டியின் டிஎன்ஏ-வுக்கு ஒரு நிறம், ஆரோக்கியமான டிஎன்ஏ-வுக்கு இன்னொரு நிறம் ஏற்றி, இரண்டையும் கலந்து சாதாரணக் குரோமோசோம்கள் மேல் ஒட்டவிட்டார்கள். எந்த இடத்தில் கட்டியின் நிறம் தூக்கலாக இருக்கிறதோ அங்கே கட்டியில் பிரதிகள் கூடியிருக்கின்றன. மங்கினால் பிரதிகள் தொலைந்திருக்கின்றன. கட்டிச் செல்களை வளர்க்கவே தேவையில்லை. பிறகு குரோமோசோம்களுக்குப் பதில் டிஎன்ஏ சில்லுகள் (சிப்) வந்தன, அப்புறம் டிஎன்ஏ வரிசை படிக்கும் கருவிகள் வந்தன. முறை எதுவானாலும் கடைசியில் கிடைப்பது ஒரே வகை எண்: ஒவ்வோர் இடத்திலும் கட்டியில் எத்தனை பிரதி, ஆரோக்கியமான செல்லில் எத்தனை, இரண்டுக்கும் விகிதம் என்ன.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. திரையில் தெரியும் எல்லாப் படங்களும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. நமக்கு ஒவ்வொரு குரோமோசோமிலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள். பிரதிகள் மாறாமல் இருந்தால் விகிதம் 1. அதை 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கையில் எழுதுவது வழக்கம் என்பதால் அது 0 ஆகிறது. ஒரு பிரதி தொலைந்தால் −1. ஒரு பிரதி கூடினால் சுமார் 0.58. லட்சக்கணக்கான இடங்களில் அளந்த இந்த எண்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும், அளவீட்டில் அது இயல்பு. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் எண்களைச் சேர்த்து, இங்கே ஆரம்பித்து இங்கே முடிகிறது என்று துண்டு துண்டாக வெட்டித் தர ஒரு கணக்கு முறை வேண்டும். 2004-இல் ஓல்ஷனும் குழுவினரும் வெளியிட்ட முறை இதற்கு இன்றுவரை பரவலாகப் பயன்படுகிறது. முடிவில் கையில் இருப்பது ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பு: நோயாளி எண், எந்தக் குரோமோசோம், துவக்கம், முடிவு, எத்தனை அளவீட்டுப் புள்ளிகள், சராசரி விகிதம். அவ்வளவுதான்.

இணைய மென்பொருள் சாத்தியமானதே இந்தச் சுருக்கத்தால்தான். ஒரு கட்டியின் முழு மரபுத்தொகுதியைப் படித்த மூலக் கோப்பு 100 ஜிபி-யைத் தாண்டும். அதை வைத்துக் கணக்கிட நல்ல சர்வர் வேண்டும், நம் கல்லூரிகள் பலவற்றில் அது இல்லை. துண்டு அட்டவணையோ ஒரு போட்டோவைவிடச் சிறியது. சுமாரான லேப்டாப்பில், சுமாரான இணைய வேகத்தில், நூற்றுக்கணக்கான நோயாளிகளின் அட்டவணைகளைத் திறந்து அடுக்கலாம்.

அடுக்குவதற்கான தளங்களும் பல. சூரிச் பல்கலைக்கழகத்திலிருந்து நடத்தப்படும் புரோஜெனெடிக்ஸ் 2001-இலிருந்து பிரதி மாற்ற விவரங்களை மட்டுமே சேகரிக்கிறது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் உருவாகி 2012-இல் ஆய்விதழில் அறிமுகமான சிபயோபோர்ட்டல், பிரதி மாற்றங்களோடு மரபணுப் பிழைகளையும் நோயாளி எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்ற விவரத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகம் ஸீனா என்ற கருவியை நடத்துகிறது. அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனத்தில் உருவான ஐஜிவி என்ற கருவிக்கும் பிரவுசரிலேயே ஓடும் வடிவம் இருக்கிறது. இவற்றில் பலவற்றுக்குத் தீனி, 2006-இல் அமெரிக்கா தொடங்கிய டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபுத்தொகுதித் திட்டம். 33 வகைப் புற்றுகள், 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள்.

நம் ஊருக்கு நெருக்கமான ஒரு நோயை எடுத்துக்கொண்டு உள்ளே போவோம்: வாய்ப்புற்று. புகையிலையை வெற்றிலை பாக்கோடு சேர்த்துக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களுக்கும் புதுச்சேரிக் குப்பங்களுக்கும் புதிதில்லை. சிபயோபோர்ட்டலில் தலை–கழுத்துப் புற்று என்ற தொகுப்பைத் தேர்ந்து, சிசிஎன்டி1, சிடிகேஎன்2ஏ, டிபி53 என்று, செல் பிரிவைக் கட்டுப்படுத்தும் மூன்று மரபணுக்களின் பெயர்களைத் தட்டினால் ஒரு படம் வரும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு, ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு வரிசை. பிரதி பெருகிய இடம் சிவப்பு, முழுக்கத் தொலைந்த இடம் நீலம். சிசிஎன்டி1 வரிசையில் சிவப்பும் சிடிகேஎன்2ஏ வரிசையில் நீலமும் திரும்பத் திரும்ப வருவது எந்தப் பயிற்சியும் இல்லாத கண்ணுக்கே தெரியும்.

அடுத்து, துண்டுகளை அடுக்கிக் காட்டும் பக்கத்துக்குப் போனால் மரபணுக்களை விட்டுவிட்டுக் குரோமோசோம் முழுவதையும் பார்க்கலாம். 3-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை பல நோயாளிகளிடம் திரும்பத் திரும்ப நீலமாக இருக்கும், அதன் நீண்ட கை சிவப்பாக இருக்கும். 8-இன் நீண்ட கையும் சிவப்பு. இவை அகலமான பட்டைகள், ஒரு முழுக் கையின் பிரதியே போய்விட்டது அல்லது கூடிவிட்டது என்று பொருள். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் அதில் அடக்கம், குற்றவாளி யார் என்று இந்தப் படம் சொல்லாது. 11-ஆம் குரோமோசோமில் கியூ13 என்ற இடத்தில் மட்டும் காட்சி வேறு மாதிரி. ஒடுங்கிய, அடர்ந்த சிவப்புக் கீற்று. அந்தச் சிறு இடம் பல மடங்காகப் பெருகியிருக்கிறது. இத்தனை பேரில் இவ்வளவு சிறிய இடம் குறிபார்த்த மாதிரி பெருகினால், அங்கே செல்லுக்கு லாபம் தரும் ஏதோ இருக்கிறது. செல் பிரிவதற்குப் பச்சைக்கொடி காட்டும் சிசிஎன்டி1 அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதன் பக்கத்தில் எஃப்ஏடிடி, சிடிடிஎன் போன்ற மரபணுக்களும் சேர்ந்தே பெருகியிருக்கின்றன. இத்தகைய இடங்களைத் தற்செயலிலிருந்து பிரித்தெடுக்க 2007-இல் ஜிஸ்டிக் என்ற புள்ளியியல் முறை வந்தது. சிபயோபோர்ட்டலின் சிவப்பு, நீலத்துக்குப் பின்னால் பெரும்பாலும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது.

படம் தெளிவாக இருப்பதாலேயே அதை நம்பிவிடத் தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். அந்தச் சிவப்பும் நீலமும் நேரடியாகக் கண்ணால் கண்டவை இல்லை. வரிசையாகப் பல முடிவுகளை எடுத்த பிறகு வந்தவை.

முதல் சிக்கல் கலப்படம். அறுவை அரங்கிலிருந்து வரும் சதைத் துண்டில் புற்றுச் செல் மட்டும் இருக்காது. ரத்தக் குழாய், நார்த்திசு, நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் கலந்திருக்கும். தண்ணீர் சேர்த்த பாலில் லாக்டோமீட்டர் காட்டும் அளவு இறங்குவது போல, விகிதமும் 0-வை நோக்கி இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டிச் செல்கள் பாதி என்றால், ஒரு பிரதி தொலைந்ததற்கு −1 வராது, சுமார் −0.41 தான் வரும். கட்டிச் செல்கள் 30 சதவீதம் மட்டும் என்றால் −0.23. ஒரு தளத்தில் −0.3-ஐத் தாண்டினால்தான் இழப்பு என்று எல்லை வைத்திருந்தால், அந்த நோயாளியின் கோடு வெள்ளையாகவே நிற்கும். வாய்ப்புற்றில் எதிர்ப்புச் செல்கள் நிறையப் புகுந்திருப்பது சகஜம் என்பதால் இது புத்தகக் கணக்கோடு நின்றுவிடுகிற சிக்கல் இல்லை. நல்ல தளங்கள் எல்லையை நாமே மாற்றிப் பார்க்க வழி தருகின்றன. மாற்றிப் பார்க்காமல் ஒரே படத்தை வைத்து முடிவு எழுதும் மாணவர் ஆய்வேடுகள் எனக்கு உண்மையிலேயே கவலை தருகின்றன.

இரண்டாவது, முகவரிச் சிக்கல். குரோமோசோமில் ஓர் இடத்தைக் குறிக்க, மனித மரபுத்தொகுதியின் எந்தப் பதிப்பை வைத்து எண்ணினோம் என்று சொல்ல வேண்டும். 2009 பதிப்பும் 2013 பதிப்பும் இன்றும் பக்கத்துப் பக்கத்தில் புழங்குகின்றன. மார்பகப் புற்றில் முக்கியமான ஹெர்2 மரபணு, 17-ஆம் குரோமோசோமில் முந்தைய பதிப்பின்படி 3 கோடியே 78 லட்சமாவது எழுத்துக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. பிந்தைய பதிப்பில் அதுவே 3 கோடியே 97 லட்சத்துக்கு அருகே. சுமார் 18 லட்சம் எழுத்துகள் தள்ளி. ஹெர்2 பெருக்கம் பல நேரங்களில் குறுகிய இடத்தில் நடப்பது. பழைய பதிப்பின் அட்டவணையைப் புதிய பதிப்பின் தளத்தில் ஏற்றினால் சிவப்புக் கீற்று வேறு மரபணுவின் மேல் போய் உட்காரும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் போகலாம், ஏனென்றால் அதற்கு எல்லாமே எண்தான். ஹெர்2 பெருகியிருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு வழி உண்டு என்பதை நினைத்தால், இந்தத் தப்பு எவ்வளவு தூரம் போகும் என்று புரியும்.

மூன்றாவதுதான் பலரைத் திகைக்க வைப்பது. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த 9–22 இடமாற்றம் இந்தப் பிரதிக் கணக்குப் படங்களில் தெரியவே தெரியாது. துண்டுகள் இடம் மாறினவே தவிர, பிரதி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விகிதம் எங்கும் 0-விலேயே நிற்கும். புற்றுநோயின் மிகப் பிரபலமான குரோமோசோம் மாற்றமே இந்தக் கருவியின் கண்ணில் படாது. அதற்கு மைக்ராஸ்கோப்பும், ஃபிஷ் என்ற ஒளிர்சாயச் சோதனையும், மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையும்தான் (மேலே சொன்ன பிசிஆர் மரபணு வேறு, இது வேறு). ஆகவே நோயாளியோ குடும்பத்தாரோ இந்தத் தளங்களைப் பார்த்துச் சிகிச்சையைப் பற்றி முடிவுக்கு வர வேண்டாம். ஆராய்ச்சிக்காகக் கட்டியவை இவை. மருத்துவரிடம் கூர்மையான கேள்வி கேட்க உதவும், அது நல்லதுதான்.

சரி, தளமும் கணக்கும் சரியாக இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். வரிசையில் நிற்பவர்கள் யார்? டிசிஜிஏ 2015-இல் வெளியிட்ட தலை–கழுத்துப் புற்று ஆய்வில் 279 நோயாளிகள். பெரும்பாலோர் புகைபிடித்தவர்கள். குரல்வளையிலும் தொண்டையிலும் வந்த கட்டிகளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன, தொண்டைப் புற்றில் பலவற்றுக்குப் பாப்பிலோமா வைரஸ் காரணம். நம் பக்கத்து வாய்ப்புற்றோ பெரும்பாலும் புகையிலை அடக்கி வைக்கும் இடத்தில், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வருகிறது. காரணம் வேறு, இடம் வேறு. அந்த 279 பேரோடு பண்ருட்டிக்காரர் ஒருவரின் கட்டியை ஒப்பிட்டால் ஏதோ தெரியும், ஆனால் எந்த வேறுபாடு நோயின் வேறுபாடு, எது ஒப்பிட்ட கூட்டத்தின் வேறுபாடு என்று பிரிக்க முடியாது.

இதை உணர்ந்துதான் சர்வதேசப் புற்று மரபுத்தொகுதிக் கூட்டமைப்பில் இந்தியா தன் பங்காகக் கன்ன–ஈறுப் புற்றையே எடுத்துக்கொண்டது. மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபுத்தொகுதி நிறுவனமும், டாடா மெமோரியலின் நவி மும்பை ஆய்வு மையமும் சேர்ந்து செய்த முதல் ஆய்வு 2013-இல் வெளியானது. முதலில் 50 நோயாளிகள், சரிபார்க்க இன்னும் 60 பேர். 2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடி 480 மார்பகப் புற்று நோயாளிகளின் மாதிரிகளை வைத்துப் பாரத் புற்று மரபுத்தொகுதித் தரவுத்தளத்தைத் திறந்தது. புதுச்சேரியிலிருந்து மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் இப்படி ஒன்று வந்திருப்பது எனக்குப் பெரிய நம்பிக்கை. எண்ணிக்கையில் இவை சிறியவைதான். ஆனாலும், நம்மைப் போன்றவர்கள் நிற்கும் வரிசை என்று ஒன்று தொடங்கிவிட்டது.

புற்று இல்லாதவர்களின் டிஎன்ஏ-வும் இதே அளவுக்கு வேண்டும். பிறக்கும்போதே சில இடங்களில் பிரதி கூடியோ குறைந்தோ இருப்பது எல்லா மனிதரிடமும் உண்டு, நோய்க்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. அதே நோயாளியின் ரத்தத்தையும் எடுத்துக் கட்டியோடு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் தீரும். செலவைக் குறைக்கப் பல இடங்களில் ரத்த மாதிரியை விட்டுவிடுகிறார்கள். அப்போது பொதுத் தொகுப்பை நம்ப வேண்டியிருக்கிறது. நம் மக்களிடம் சகஜமான ஒரு பிறவி மாற்றம் அந்தத் தொகுப்பில் இல்லாவிட்டால், அது புற்றின் மாற்றம் என்று எண்ணப்பட்டுவிடும். ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேரின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது இந்த வகையில் புற்று ஆய்வுக்கும் உதவும்.

தரவை இணையத்தில் வைப்பதில் நியாயமான பயமும் இருக்கிறது. டிஎன்ஏ என்பது ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடியது. குடும்பத்தையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும். டிசிஜிஏ இதற்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறது: பிறவி மாற்றங்களை நீக்கிய துண்டு அட்டவணைதான் எல்லோருக்கும் திறந்தது, மூல வரிசைக் கோப்புக்கு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். இங்கே கல்லூரியிலோ மருத்துவமனையிலோ வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏதோ ஒரு தளத்தில் 'கோப்பை ஏற்றவும்' என்ற பொத்தான் இருப்பதாலேயே நோயாளியின் கோப்பை அதில் போட்டுவிடக் கூடாது, அது எந்த நாட்டுச் சர்வருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐஜிவி-யின் இணைய வடிவம் நம் கணினியில் உள்ள கோப்பை எங்கும் அனுப்பாமல் பிரவுசருக்குள்ளேயே திறக்கிறது. ஸீனாவில் நம் தரவை நம் கணினியிலேயே வைத்துக்கொண்டு பொதுத் தரவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சிபயோபோர்ட்டலைக் கல்லூரி சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம், திறந்த மூல மென்பொருள் அது.

சம்மதப் படிவம் பற்றியும் சொல்ல வேண்டும். மாதிரியைச் சேமித்துப் பின்னால் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதற்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் தெளிவாக வைத்திருக்கின்றன. அறுவைக்கு முந்தின நாள், பயத்தில் இருக்கும் மனிதரிடம் பத்துப் பக்கத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. உங்கள் கட்டியின் விவரம் பெயர் இல்லாமல் ஒரு பொதுத் தொகுப்பில் சேரும், அதனால் உங்களுக்கு நேரடிப் பலன் இருக்காது, இதே நோயோடு பிறகு வருபவர்களுக்கு இருக்கலாம், வேண்டாம் என்றால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது, இடையில் மனம் மாறினால் சொல்லுங்கள் என்று நல்ல தமிழில், உட்கார்ந்து, மகனோ மகளோ பக்கத்தில் இருக்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்துக்கு ஆள் போடும் செலவை, டிஎன்ஏ கருவிக்கும் சர்வருக்கும் எழுதுகிற அதே நிதி விண்ணப்பத்தில் சேர்த்தே கேட்க வேண்டும்.